பொலிசை ஆண்ட கதிரைக்காரர்

எங்கள் பொலிஸ் நிலையத்தைச் சில காலம் ஒருவர் ஆண்டார். அவருக்குப் பொலிஸ் என்றால் பயம்.

ஆண்டார் என்று நான் பகிடிக்குச் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வந்த சுற்றுநிருபம் அப்படித்தான் சொன்னது. இனிமேல் பொலிசார் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் பொதுமக்கள் மேற்பார்வைக் குழு ஒன்று இருக்க வேண்டும். குழு மாதம் ஒருமுறை கூடிக் கேள்வி கேட்கும், பொறுப்பதிகாரி பதில் தருவார். வாசிக்கும்போதே நெஞ்சு நிமிர்ந்தது. கடைசி வரியில் மட்டும், அந்தக் குழுவின் உறுப்பினர்களைப் பொறுப்பதிகாரியே தெரிவு செய்வார் என்று போட்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் வாவிக் கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரைச் சொன்னால் பொலிஸ் நிலையத்தின் பெயரையும் சொன்னதாகிவிடும், நான் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறேன். அப்போதிருந்த பொறுப்பதிகாரி, நாங்கள் சொல்வது ஓ.ஐ.சி., நல்ல மனிதர், தமிழும் பேசுவார், யாரையும் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார். தன்னைக் கேள்வி கேட்பதற்கான ஆட்களைத் தேடி அவர் அலையவில்லை. நிலையத்துக்கு யார் வழக்கமாக வந்து போகிறார்களோ அவர்களையே பிடித்தார். பொலிசாரின் சீருடைகளைத் தைத்துக் கொடுக்கும் நான் மகளிர் பிரதிநிதி ஆனேன். நிலையத்தின் யன்னல்களுக்குத் துணி கொடுத்த ஏறாவூர் ஹாஜியார் வர்த்தகப் பிரதிநிதி. எதிரே தேநீர்க்கடை வைத்திருந்தவர் இளைஞர் பிரதிநிதி. அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்திருந்தது.

நான் சொல்ல வந்தவர், கதிரையும் தகரப் பந்தலும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிறவர். முதல் கூட்டத்துக்குப் போனால் நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு நீள வாங்கு. பிடித்து வருகிறவர்களை இருத்துவதற்கானது. அதில் ஆட்சியாளர்கள் இருப்பது சரியில்லை என்று ஓ.ஐ.சி.க்கே பட்டது. ஆள் அனுப்பினார். சற்று நேரத்தில் வான் ஒன்றில் நீலப் பிளாஸ்டிக் கதிரைகள் வந்திறங்கின, கூடவே அவரும். எல்லோரும் இருந்த பிறகு, ஒரு தலைவரைத் தெரிவு செய்வோம் என்றார் ஓ.ஐ.சி. அறையில் நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். நிற்கிறவர்தான் தலைவராக்கும் என்று நினைத்து ஹாஜியார் அவரை முன்மொழிந்துவிட்டார். பிழை தெரிந்தபோது கைதட்டி முடிந்திருந்தது.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒலிபெருக்கி கட்டுவதென்றால் பொலிஸ் அனுமதி வேண்டும். களுதாவளைத் திருவிழாவோ கிரானில் ஒரு கல்யாணமோ, குழல் ஒன்றை மரத்தில் ஏற்ற முன்பு நிலையத்தில் ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து ஓ.ஐ.சி.யுடையது. ஆகவே மாதத்தில் ஒருநாள் அவர் பொலிசை ஆண்டார், மிச்ச நாட்களில் பொலிஸ் அவரை ஆண்டது. எங்கள் ஊரில் குடியாட்சி எப்படி நடக்கிறது என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

ஆள் மெலிவு. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான் பூட்டியிருக்கும். எங்கே மைக்கைக் கண்டாலும் விரலால் இரண்டு தட்டுத் தட்டாமல் போகமாட்டார், அது வேறு யாருடைய விழாவாக இருந்தாலும். மேடைத் தமிழ் அவருக்கு நாக்கிலேயே ஊறியிருந்தது. வீட்டில் மனைவியிடம் தேநீர் கேட்பதைக்கூட 'அடுத்ததாக' என்றுதான் தொடங்குவார் என்று ஊரில் பகிடி. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் எந்த நேரமும் ஒரு பொன்னாடை மடித்தபடி கிடக்கும். மற்றவர்கள் மழைக்கு அங்கி வைத்திருப்பதுபோல இவர் அதிகாரிக்குப் பொன்னாடை வைத்திருந்தார்.

உலகத்தில் உள்ள எந்தக் கரைச்சலையும் ஒரு கௌரவிப்பால் தீர்க்கலாம் என்பது அவருடைய உறுதியான கொள்கை. அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். "ஆள் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், கழுத்தில ஒண்டப் போடக்குள்ள குனியத்தானே வேணும்" என்பார். ஓ.ஐ.சி.யின் மச்சான் ஒரு நாள் அவரைப் பார்க்க வந்தார், அவருக்கும் போட்டார். தண்ணீர் மோட்டார் திருத்த வந்தவரை யாரோ மேலிடத்து அதிகாரி என்று நினைத்து, அவருக்கும் போட்டார். அந்த மனிதன் அதைத் தோளில் போட்டுக்கொண்டே மோட்டாரைத் திருத்திவிட்டுப் போனான்.

கூட்டங்கள் எப்படி நடந்தன என்பதைச் சொல்ல வேண்டும். முதலில் மங்கள விளக்கேற்றல். பிறகு இறந்தவர்களுக்காக மௌனம். இன்ன இறந்தவர் என்று இல்லை, பொதுவாக. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஓ.ஐ.சி.யின் சிறப்புரை. நிகழ்ச்சி நிரலில் கேள்வி நேரம் என்று ஒன்று இருந்தது, ஆனால் அதற்கும் தேநீரோடு தின்னத் தரும் ரோல்ஸுக்கும் ஒரே நேரம். ரோல்ஸ் முடிய ஓ.ஐ.சி.க்கு அவசர வேலை வந்துவிடும்.

ஒரு தடவை ஹாஜியார் ரோல்ஸைத் தொடாமல் எழும்பினார். தமிழ் மட்டும் தெரிந்தவர்களின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வை என்றால் அவர்கள் எதற்கு வைக்கிறார்கள் என்று எப்படித் தெரியும், தமிழில் எழுத ஒரு ஆளைப் போட முடியாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓ.ஐ.சி. தொண்டையைச் செருமினார். அதற்குள் தலைவர் எழுந்து, அருமையான கேள்வியைக் கேட்ட ஹாஜியார் அவர்களுக்கும், அதற்குச் சிறப்பான பதிலை அளித்த பொறுப்பதிகாரி அவர்களுக்கும் குழுவின் சார்பில் நன்றி என்று முடித்துவிட்டார். ஓ.ஐ.சி. இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. கூட்டக் குறிப்பில், கேள்விக்குத் திருப்திகரமான பதில் அளிக்கப்பட்டது என்று பதிவாகியிருக்கிறது.

நாங்கள் மேற்பார்வை செய்தோம் என்றால் உண்மையாகவே செய்தோம். நிலையத்துக்கு வெள்ளை அடிக்கும்போது மேற்பார்வை செய்தோம். முற்றத்துப் புல்லைச் செருக்கும்போது செய்தோம். வெசாக் பண்டிகைக்கு வெளிச்சக் கூடு கட்டும்போதும் செய்தோம். மேலிடத்திலிருந்து அழகான பொலிஸ் நிலையம் என்று ஒரு போட்டி வைத்தபோதுதான் தலைவருக்கு அந்த யோசனை வந்தது. முற்றத்தின் மூலையில் ஒரு தோணி சும்மா கிடந்தது. அதை வாசலுக்கு இழுத்து, மண் நிரப்பி, குரோட்டனும் செவ்வந்தியும் நட்டு, ஓரம் முழுக்க மின்குமிழ் மாலை கட்டினார்கள். 'மக்களின் நண்பன்' என்று பலகை ஒன்றும் நட்டார்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

தோணிக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருந்தான். வாவிக்கு அங்கால், படுவான்கரைப் பக்கத்து ஆள். தடை செய்த தங்கூசி வலை தோணிக்குள் கிடந்தது என்று பிடித்திருந்தார்கள். வலை அவனுடையது இல்லை என்று நீதிமன்றத்தில் தெளிவாகி, அவனையும் தோணியையும் விடச் சொல்லி உத்தரவு வந்தது. அவனை விட்டார்கள். தோணி பூக்கத் தொடங்கியிருந்தது.

அவனுடைய மனைவி என் தையல் கடைக்கு வந்தாள். மகளிர் பிரதிநிதி என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆத்திரப்படவில்லை, அழவும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

"அக்கா, பூவுக்கு ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்துறாங்க. பலக உக்கிப் போகும். அவரு இப்ப மத்த ஆக்கள்ர தோணியில கூலிக்குப் போறாரு. மாரியில முகத்துவாரத்தக் கடலுக்கு வெட்டிவிட்டா இறால் படும். அதுக்கு முதல் தோணி வராட்டி, மறுகா வந்தும் எங்களுக்கு என்னத்துக்கு?"

அந்த மாதக் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். நீதிமன்ற உத்தரவின் பிரதி இன்னும் வந்து சேரவில்லை என்றார் ஓ.ஐ.சி. அவள் கையில் ஒரு பிரதி இருக்கிறதே என்றேன். அது அவர்களுடைய பிரதி, எங்களுடைய பிரதி வர வேண்டும் என்றார். அதோடு போட்டிக்கான நடுவர்கள் இன்னும் வந்து பார்க்கவில்லையாம். தலைவர் எழுந்து எனக்கு நன்றி சொன்னார். நான் ரோல்ஸை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பின்னேரம் நேரே அவருடைய வளவுக்குப் போனேன். கதிரைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பொலிசைக் கேள்வி கேட்கத்தானே எங்களைப் போட்டார்கள், நீங்கள் என்ன நன்றி சொல்லும் மெசினா என்று கேட்டேன். அது யாருடைய தோணி என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பிள்ளைகள் எத்தனை என்றார். அதையும் சொன்னேன். அடுத்த நாள் காலையில் அவர் பூக்களுக்கு நடுவே கையை விட்டுத் தோணியின் அடிப்பலகையைத் தடவிக்கொண்டு நின்றதை, சீருடை கொடுக்கப் போன நான் கண்டேன். அதற்கு ஒரு ஆள் சொந்தம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் கறுத்திருந்தது.

என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கேள்வி கேட்டா அவரு கதிரையில இருந்துகொண்டே பதில் சொல்லுவாரு, தங்கச்சி. ஆள எழுப்போணும்."

சில நாட்களில் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. இடமாற்றம் பெற்றுச் செல்லும் எமது பொறுப்பதிகாரிக்கு மாபெரும் பிரியாவிடை விழா. ஓ.ஐ.சி. தன் ஊர்ப் பக்கம் மாற்றம் கேட்டு எழுதியிருந்தார் என்பது நிலையத்துக் குசினி வரை தெரிந்த கதை. கிடைத்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. நோட்டீஸைப் பார்த்த ஓ.ஐ.சி., தனக்கு முன்பே தலைவருக்கு யாரோ அமைச்சர் பக்கத்தால் தகவல் வந்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோசப்பட்டார். பிரதம விருந்தினராக அழைக்கப்பட்ட அவருடைய மேலதிகாரி ஏ.எஸ்.பி., கட்டளை தனக்குத் தெரியாமல் நேரே ஓ.ஐ.சி.க்குப் போயிருக்கிறது என்று நினைத்து, தெரிந்ததுபோலத் தலையாட்டினார். ஒருவரும் ஒருவரிடம் கேட்கவில்லை. கேட்டால், தனக்குத் தெரியாது என்பது மற்றவருக்குத் தெரிந்துவிடும். பெரிய உத்தியோகங்களில் இதுதான் வசதி.

அவ்வளவு பெரிய ஒலிபெருக்கி ஏற்பாட்டை எங்கள் ஊர் அதற்கு முன்பு கண்டதில்லை. நிலையத்து வாசலிலிருந்து வாவிக் கரை வரை தென்னைமரம் தவறாமல் குழல் கட்டினார். கடைசி இரண்டு குழல்களும் தண்ணீரைப் பார்த்திருந்தன. எல்லாவற்றுக்கும் அனுமதி இருந்தது. ஓ.ஐ.சி.யே புன்னகையோடு கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்.

நிலைய முற்றத்தில் நடந்த விழாவில் முன்வரிசையில் தோணிக்காரனும் மனைவியும் இருந்தார்கள். தலைவர் தன் வானில் போய் ஏற்றி வந்திருந்தார். அவன் கழுவி மடித்து வைத்திருந்த சாரத்தை உடுத்திக்கொண்டு, தான் ஏன் அங்கே இருக்கிறேன் என்று விளங்காமல் முழித்துக்கொண்டிருந்தான். உரைகள் முடிந்தன. தலைவர் பொன்னாடையை எடுத்தார். ஓ.ஐ.சி. குனிந்தார். குனிந்த தலை நிமிர்வதற்குள் தலைவர் மைக்கைக் கைப்பற்றினார்.

"நீதிமன்றம் விடுவித்த தோணியை, என் கையாலேயே உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் இந்த மண்ணைவிட்டுப் போவேன் என்று எங்கள் பொறுப்பதிகாரி அவர்கள் உறுதி பூண்டிருந்தார்கள். அந்த நல்ல காரியத்தை, ஏ.எஸ்.பி. ஐயா அவர்களின் முன்னிலையில் இப்பொழுதே நிறைவேற்றித் தருமாறு பணிவன்போடு அழைக்கிறேன்."

அந்தக் குரல் வாவியைக் கடந்து போய் அங்கால் கரையில் மோதித் திரும்பி வந்தது. ஏ.எஸ்.பி. கைதட்டினார். ஏ.எஸ்.பி. தட்டினால் எல்லோரும் தட்ட வேண்டும். ஓ.ஐ.சி. பொன்னாடையோடு எழுந்து நின்றார். கான்ஸ்டபிள்கள் செவ்வந்திகளைப் பிடுங்கினார்கள், மண்ணை வாரிக் கொட்டினார்கள், பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தினார்கள். ஆட்கள் தோணியைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோனபோது ஓ.ஐ.சி. படம் எடுப்பதற்காக முன்பக்கத்து அணியத்தில் கை வைத்தபடி நடந்தார். அடியில் ஒரு பலகை பழுதாகியிருந்தது, மாற்றலாம் என்றான் தோணிக்காரன். அவன் மனைவி அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். எங்கள் குழு தன் ஆயுளில் செய்த ஒரே ஒரு மேற்பார்வை அதுதான்.

திங்கட்கிழமை ஓ.ஐ.சி. தன் கதிரையில் இருந்தார். மாற்றம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

பிரியாவிடை பெற்ற ஒருவர் போகாமல் இருந்தால் அவரை என்னவென்று அழைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. 'போன ஓ.ஐ.சி.' என்றார்கள். முறைப்பாட்டோடு வருகிறவர்கள் அவருக்கு முன்னாலேயே இருந்துகொண்டு, புதியவர் எப்போது வருகிறார், அவரிடமே சொல்லலாம் என்றுதானே பார்க்கிறோம் என்றார்கள். சந்தையில் ஒரு கிழவி அவரைக் கண்டு, என்ன மனே, சாமான் ஏதும் விட்டுட்டுப் போனயா என்று கரிசனையாகக் கேட்டாளாம். மனிதர் நல்லவர்தான், ஆனால் நல்லவருக்கும் ஒரு அளவு இருக்கிறது.

அனுமதிகள் நின்றன. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. கோயில்காரர் விண்ணப்பம் கொடுத்தால், ஒலிபெருக்கி யாருடையது என்று கேட்பார்கள். இவருடையது என்றால் சத்தம் கூட என்று முறைப்பாடு இருக்கிறது, பார்க்கலாம் என்பார்கள். வாழைச்சேனையிலிருந்து வேறொருவரைப் பிடித்தால் அன்றே கையெழுத்து. ஆட்களுக்கும் விழா நடக்க வேண்டுமே. குழுவும் புதிதாக அமைக்கப்பட்டது. இளைஞர் பிரதிநிதி தலைவரானார். ஹாஜியாருக்குக் கடிதம் வரவில்லை. என்னை வைத்துக்கொண்டார்கள், சீருடைக்கு என்னைவிட்டால் ஆளில்லை.

பழைய தலைவர் குழல்களைத் தகரக் கொட்டிலுக்குள் அடுக்கிப் படங்குச் சீலையால் மூடினார். பிறகு அம்பிளிபயரை விற்றார். கதிரைகளுக்கு அனுமதி தேவையில்லை என்பதால் அந்த வியாபாரம் மட்டும் மிஞ்சியது, அதுவும் பெரும்பாலும் செத்தவீடுகளுக்கு. மூத்த மகளின் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டு எனக்குக் குற்றமாகப் பட்டது. நான்தானே அவரைச் சீண்டிவிட்டேன் என்று ஒரு நாள் அவரிடமே சொல்லவும் செய்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோட்டீஸ் அடிக்கும்போதே மாற்றம் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று நேரடியாகக் கேட்டேன். அதற்கு மட்டும் சிரித்தார். "எல்லாரும் ஒருநாள் போறவங்கதானே, தங்கச்சி. நான் கொஞ்சம் முந்திட்டன்" என்றார்.

கடைசியில் மாற்றம் உண்மையாகவே வந்தது. புதிய தலைவர் விழா எடுக்க ஓடித் திரிந்தார். ஆட்கள், அது நடந்து முடிந்ததுதானே என்று சொல்லிவிட்டார்கள். கோபத்தில் சொன்னதுகூட இல்லை. ஒரு ஆளுக்கு இரண்டு தடவை பிரியாவிடை வைப்பதை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. வாழைச்சேனைக்காரரும் அன்றைக்கு வேறு வேலை என்றார். ஒரு விழாவும் இல்லாமல் போகிற ஓ.ஐ.சி.யைப் பற்றி மேலிடம் என்ன நினைக்கும்?

ஒரு நாள் பின்னேரம் நான் மாதர் சங்கக் கூட்டத்துக்குக் கதிரை சொல்லப் பழைய தலைவரின் வளவுக்குப் போயிருந்தேன். ஜீப் வந்து நின்றது. ஓ.ஐ.சி. சிவில் உடுப்பில் தனியே இறங்கினார். தலைவர் வழக்கம்போலவே பதறி, சட்டைக் கைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். உள்ளேயிருந்து சோடா வந்தது. ஓ.ஐ.சி. அதைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்து வைத்தார். வருடம் முழுவதற்குமான ஒலிபெருக்கி அனுமதி. கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

"வெள்ளிக்கிழமை ஒரு சின்ன விழா, ஐயா" என்றார். "ஏ.எஸ்.பி. வாறார். உங்கட கையால நடந்தா நல்லாயிருக்கும்."

தலைவர் கடிதத்தைப் பார்த்தார். கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. வாழ்நாளில் ஒரு அதிகாரியிடமும் இல்லை என்று சொல்லாத மனிதர். அறைக்குள் நின்ற மகளை நான் பார்த்தேன், அவளும் கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்லுங்கள் அண்ணன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"சேர், உங்களுக்கு நாங்க பிரியாவிடை தந்திட்டம்" என்றார். "வாவிக்கு அங்காலயும் கேட்டிச்சே."

மரியாதை கொஞ்சமும் குறையாத குரல். ஓ.ஐ.சி. சோடாவைக் குடித்து முடித்தார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். போய்வாறன் ஐயா என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப்பின் சத்தம் சந்தியில் மறையும்வரை தலைவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு ஓ.ஐ.சி. இருந்து எழும்பிய அதே கதிரையில் தானும் இருந்துகொண்டு, எத்தனை கதிரை வேணும் தங்கச்சி என்று கேட்டார்.